நடுவில் விட்ட இடம்

சின்ன மாமா அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் திகதி இல்லை. "மழை தொடங்கினால் பாதை மோசமாகும், அதற்கு முதல் அனுப்புகிறேன்" என்று ஒரு வரி இருப்பதால், அதை 1997 புரட்டாதிக்கோ ஐப்பசிக்கோ உரியதாகக் கொள்கிறேன். என் தம்பிக்கென்று அவர் அனுப்பிய, சின்னத் திரையுள்ள பற்றறி விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதிய பகுதி இது:

"கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்றில் பிளேனைச் சுட வேண்டும். பொடியள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று கடைக்கார நானா சொன்னார். நான் எடுக்கவில்லை. இதில் சுடுவதும் இல்லை, சாவதும் இல்லை. மேலிருந்து கட்டைகள் விழும், அவற்றை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். மூளைக்கு நல்லது. தம்பிக்கு ஏற்றது என்று யோசித்துத்தான் எடுத்தேன்."

மாமா பூவரசங்குளத்தில் இருந்தார். பிள்ளைகள் இல்லாதவர். சின்னப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு நல்லது, எது கூடாது என்று வவுனியாக் கடையொன்றில் நின்று அவர் இவ்வளவு யோசித்திருக்கிறார். அவருடைய இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

நாங்கள் அப்போது ஜெயபுரத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். சொந்த வீடு உருத்திரபுரத்தில். அங்கிருந்து 1996 இல் வெளிக்கிட்டோம். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஷெல் அடி தொடங்கியபோது, அப்பா அவசரத்தில் வெட்டிய பங்கருக்குள் அம்மா, அப்பா, தம்பி, நான் எல்லோரும் இறங்கிவிட்டோம். அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்த சித்தி, இறங்கப் போன நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஓடிவந்தார்கள். அவர்களை உள்ளே தள்ளிவிட்டு அவர் படியில் நின்றார்.

"கொஞ்சம் நெருங்குங்கோ, எனக்கும் ஒரு இடம் விடுங்கோ" என்றார். நாங்கள் நெருங்கினோம். அவர் இறங்கவில்லை. ஷெல் முற்றத்தில் விழுந்திருந்தது.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அன்றிலிருந்து அவன் கதைக்கவில்லை. அழுவான், தலையாட்டுவான், கையைக் காட்டுவான், சொல் வராது. ஜெயபுரத்தில் மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடத்துக்கு அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது, அவன் பிள்ளைகள் இருக்கும் வாங்குப் பலகைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். ரீச்சர் நல்லவர்தான்.

"பேரைக் கேட்டாத் தானாச் சொல்லோணும், அக்கா. இப்ப இருத்தினா மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணுவினம். தை வரைக்கும் பாப்பம்" என்றார்.

ஒரு வருடம் ஏற்கெனவே பிந்திவிட்டது. இன்னொரு வருடமும் போனால் பிள்ளையை "ஊமையன்" என்றே ஊர் முடிவு கட்டிவிடும் என்று அம்மா பயந்தார். அதை மாமாவுக்கு எழுதினார். அதன் பதிலாகத்தான் அந்த விளையாட்டுப் பெட்டி வந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பயணப் பாஸ் எடுத்துப் போய்வந்த ஒரு மாமி துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். இராணுவச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்கள். பற்றறிகளை மட்டும் கழற்றி எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கமான வன்னிக்குள் பற்றறி வர அரசு தடை போட்டிருந்தது.

ஆனால் எங்களிடம் சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்தில் வன்னியில் றேடியோவில் செய்தி கேட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்டார்கள்: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவிலிருந்து மின்சாரம் வரும். அப்பா றேடியோவுக்கு வைத்திருந்த வயரை அந்தப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தார். மெல்லச் சுற்றினால் திரை மங்கும். வேகமாகச் சுற்றினால் பெட்டி எரிந்துவிடும் என்று அவருக்குப் பயம். பின்னேரங்களில் வயலிலிருந்து வந்து, குந்தியிருந்து, ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். சுற்றுவது நின்றால் விளையாட்டு அழிந்துவிடும். ஆகவே யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று எங்கள் வீட்டில் எந்தப் பதிவும் கிடையாது.

தம்பி விளையாடுவான். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆனால் அவன் விளையாடியது விளையாட்டே இல்லை என்பது என்னுடைய முறைப்பாடு. விழும் கட்டைகளை ஒன்றில் இடது கரைக்குத் தள்ளுவான், இல்லாவிட்டால் வலது கரைக்குத் தள்ளுவான். இரண்டு பக்கமும் மதில் எழும்பும். நடுப்பகுதி அடிவரைக்கும் வெறுமையாகக் கிடக்கும். மதில்கள் மேலே முட்டியதும் அடுத்த கட்டையைத் தள்ள வழியில்லை. அது நடுவில் விழப்போகும் நேரத்தில் டக்கென்று நிறுத்திவிடுவான். தோற்கும் பயத்தில் செய்கிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

மார்கழியில் ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மூளை இருக்கே உனக்கு? நடுவை ஏன்ரா சும்மா விடுறாய்? அங்கை போட்டா எல்லாம் அழிஞ்சு புள்ளி வருமெல்லோ."

"பிள்ளை, அவனை விடு" என்றார் அப்பா, பெடலைச் சுற்றிக்கொண்டே.

"இல்லையப்பா, மாமா அடுக்கத்தானே அனுப்பினவர். இவன் இப்பிடி விளையாடினா ஆயுசுக்கும் வெல்லமாட்டான்."

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இடம் விட்டிருக்கிறன்" என்றான்.

குரல் கரகரத்து, யாரோ பெரிய ஆளின் குரல் போல இருந்தது. திரை அணைந்தது. அப்பா பெடலை விட்டிருந்தார். குசினிக்குள்ளிருந்து அம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

"என்ன ராசா சொன்னனி? திருப்பிச் சொல்லு. அம்மாவுக்கு ஒருக்காச் சொல்லு."

அவன் சொன்னான். அம்மா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நான் கைதட்டினேன். பிறகு, ஆட்டம் பாதியில் நின்றுபோனது நினைவுக்கு வந்து, "சுத்துங்கோ அப்பா" என்றேன். அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். பெடல் பிடித்துக் கை உளைந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

தை மாதம் தம்பி ரீச்சருக்குத் தன் பெயரைச் சொன்னான், மெதுவாக, ஒரே ஒரு தடவை. அம்மா மாமாவுக்கு எழுதினார்: நீ பார்த்துத் தெரிந்தெடுத்த விளையாட்டுத்தான் பிள்ளையைக் கதைக்க வைத்தது. மாமா கடைசிவரைக்கும் அந்தச் சந்தோஷத்தோடுதான் இருந்தார். அன்றைக்குப் பிறகு அப்பா அந்தப் பெட்டிக்காகப் பெடலைத் தொடவே இல்லை; வயர் திரும்பவும் றேடியோவுக்குப் போய்விட்டது.

அந்த மார்கழியில்தான் அவர் ஜெயபுரத்துப் பங்கரை மண்வெட்டியால் அகலமாக்கினார். நாங்கள் நாலு பேர்தான். ஏற்கெனவே தாராளமாக இருந்தது. "ஏனப்பா, ஆர் வரப் போயினம்?" என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

தம்பிக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கிறது. தான் சொன்னது நினைவில்லை. சித்தியின் முகமும் இல்லை. மழைக்குப் பங்கரின் ஒரு பக்கச் சுவர் இடிந்ததால்தான் அப்பா அதை அகலமாக வெட்டினார், வேறு ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்கிறார். அந்த மாதம் கடும் மழை என்பது உண்மை. ஆனால் இடிந்த சுவர் எதுவும் என் நினைவில் இல்லை. அப்பாவிடம் கேட்கும் வயது எனக்கு வந்தபோது அப்பா இல்லை. அம்மா சொல்லும் மழையா, தம்பி சொன்ன அந்த வார்த்தையா, எது காரணம் என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.