பதினோராம் குழியில் ஒரு பெஞ்சு

லாக்லன் இருபத்தாறு வருஷமாகக் காத்துவந்தது ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தை. ஸ்காட்லாந்தின் வடகடலோரத்தில் உள்ள ஓர் ஊரின் கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. பதினோராம் குழிக்கு முன்னால் இருநூறு கெஜத்துக்கு வெறும் புல். மணல்பள்ளமோ புதரோ மேடோ கிடையாது. கண்ணுக்குப் பிடிமானம் இல்லாததால் குழியில் நட்ட கொடி கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். கைதேர்ந்தவர்கள்கூடப் பந்தைப் பாதியில் போட்டுவிட்டு விழிப்பார்கள். ஒரு முட்செடி முளைத்தாலும் லாக்லன் அன்றைக்கே பிடுங்கிவிடுவார்.

அந்தக் குழியிடம் அதிகம் தோற்றவன் பேக்கரி ரோனாவின் மகன் ரூரி. பிப்ரவரியில் மீன்பிடிப் படகு கவிழ்ந்து போய்ச்சேர்ந்தான். வயது முப்பத்தொன்று.

ஏப்ரலில் ரோனா லாக்லனின் கொட்டகைக்கு வந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"அவன் பேர்ல ஒரு பெஞ்சு போடணும் லாக்லன். பதினொண்ணுல. கமிட்டி சரின்னுட்டாங்க."

"தாராளமா. ஆட்டம் தொடங்குற எடத்துக்குப் பின்னால போட்டா கடல் தெரியும்."

"கடலை நான் பாக்க வேணாம்." என்றாள் ரோனா. "இடப்பக்கம், அவன் பந்து எப்பவும் விழுமே, அங்க போடு. 'பாழாப்போன எடம், என்னை ஏமாத்திடுதும்மா'ன்னு வந்து சிரிப்பான்."

அங்கே பெஞ்சு நின்றால் கண்ணுக்குப் பிடிமானம் வந்துவிடும்; அந்தக் குழி செத்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் புல்லைப் பற்றி என்னவென்று பேசுவது? "சரி ரோனா" என்றார்.

கமிட்டித் தலைவர் மன்ரோவிடம் போய், அங்கே பெஞ்சு வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார்.

"வேணும்னா நீயே அவகிட்ட முடியாதுன்னு சொல்லுப்பா. என் வாயால வராது."

லாக்லனே பள்ளம் தோண்டினார். பத்து கெஜமாவது தள்ளித் தோண்டிப் பார்த்தார். ரோனா வந்து, "இங்க இல்ல, அங்க" என்று காலால் காட்டினாள். தோண்டியதை மூடிவிட்டு அங்கே தோண்டினார்.

முதல் சனிக்கிழமையே ஒருவன் சொல்வது காதில் விழுந்தது: "பெஞ்சுக்கு நூத்தி நாப்பது கெஜம். அதுக்கு மேல அறுபது. கணக்கு முடிஞ்சுது." பந்து கொடியருகே போய் நின்றது. ஜூனுக்குள் பதினொன்றைப் பச்சைப்பிள்ளைகூட அடிக்கும் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாக்லன் பெஞ்சைச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, அதில் உட்கார்ந்திருந்த ரோனா கேட்டாள்:

"எல்லாரும் இங்க நல்லாத்தானே அடிக்கிறாங்க. ரூரிக்கு மட்டும்தான் ஆட்டம் வரலையா?"

லாக்லன் மிஷினை நிறுத்தினார். பதில் தெரியும். சொன்னால் அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சால்தான் என்று சொல்லவேண்டும்.

"அப்பல்லாம் காத்து மோசம், ரோனா."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள். அவர் மறுபடி புல் வெட்டப் போனார்.