மதினி பட்டணம் பார்க்க வந்தது

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். கணவருக்குத் தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்குத் தெரிந்த பட்டணம் குளமும் கோயிலும் காய்கறிக் கடையும்தான். பஸ் கண்டக்டரிடம் இடத்தைச் சொல்லி டிக்கெட் கேட்கவே எனக்கு நாக்கு எழாது.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அண்ணன் அந்தக் காரியத்தை ஒப்படைத்தான். ஊரில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தான். சரக்கு எடுக்க வந்தவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒன் மதினிக்கு மாருல கட்டி. டாக்டர் அடையாறுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாரு. அவகிட்ட சொல்லல. சொன்னா பொறப்பட மாட்டா. அங்க போயி திரும்புனவ யாருன்னு கேப்பா."

எங்கள் பக்கத்தில் அடையாறு என்றால் அந்த ஆஸ்பத்திரிதான். நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. இன்னார் அடையாறுக்குப் போயிருக்கிறார் என்றால் போதும், கேட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"பட்டணம் பாக்கன்னு சொல்லிக் கூட்டியாரேன். நீ சுத்திக் காட்டு. பொறவு பையச் சொல்லிக்கிடுவோம்" என்றான் அண்ணன்.

மதினி பட்டணத்தில் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, கடற்கரை. திருச்செந்தூர்க் கடலைப் பார்த்தவள்தான். ஆனால் அது முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு சாமி கும்பிடப் போகிற கடல். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள்: "அங்க சோலி ஒண்ணும் இல்லாம கடக்கரையில போயி சும்மா உக்காருவாவளாமே, நெசமாட்டி?" கேட்கும்போதும் அவள் கை எதையாவது புடைத்துக்கொண்டோ உரித்துக்கொண்டோ இருக்கும்.

எதை எப்போது காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெருமுனைப் பூக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"அண்ணி வர்றாங்களா? உயிர் காலேஜ் காட்டு, செத்த காலேஜ் காட்டு" என்றாள். மிருகக் காட்சிசாலைக்கும் மியூசியத்துக்கும் அப்போது அதுதான் பெயர். "அடையாறுல ஆலமரம் கீது. ஊரே குந்தலாம். அதையும் பாத்துக்கினு வா."

ஆலமரம் என்றதும் எனக்கு வழி பிறந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் மத்தியானம் தனியாக பஸ் ஏறி, இடம் எழுதிய சீட்டைக் கண்டக்டரிடம் நீட்டி, போய் ஒத்திகை பார்த்தேன். இரண்டு இடத்துக்கும் ஒரே நிறுத்தம்தான். மரம் இருக்கிற தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். மரத்தைக் காட்டிவிட்டு அப்படியே அழைத்துப் போய்விடலாம் என்று தீர்மானித்தேன்.

அவர்கள் வந்திறங்கிய அன்று சாயங்காலம் மதினி எங்கள் வீட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். "நாளைக்குக் கோயில், உயிர் காலேஜ், பொழுதடைய கடக்கரை. மறுநாள் அடையாறுல ஆலமரம்."

அவள் கை நிற்கவில்லை.

"ஆலமரம் பாக்கவா பட்டணத்துக்கு வருவாவ? நம்ம குளத்தங்கரையில நிக்கது என்ன மரமாம்?"

அவள் ஆய்ந்து போட்ட கீரையையே எடுத்து நான் மறுபடி ஆய்ந்தேன்.

"எனக்குத் தெரியும்ட்டி. போன மாசம் ஒரு சீல கேட்டேன். ஒங்க அண்ணன் ஒண்ணும் சொல்லாம எடுத்துத் தந்தாரு. கல்யாணம் ஆன நாளையிலருந்து அப்படி நடந்ததில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "நாளைக்கே அங்க போவோம். கடல் கெடக்கட்டும். அதையும் பாத்துட்டேன்னா பொறவு எனக்கு என்ன மிச்சம் இருக்கு?" என்றாள்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். அண்ணன் முன்னால் நின்றுகொண்டான். பஸ்ஸில் பெண்கள் உட்காருவது இடது பக்கம். அடையாற்றுப் பாலத்தில் ஏறியதும் அந்தப் பக்கம் ஆறு அகன்று, தூரத்தில் வெள்ளையாக அலை தெரியும். "மதினி, அங்க பாருங்க" என்று அவள் கையைத் தொட்டேன்.

"இப்ப வேண்டாம்" என்று முகத்தை பஸ்ஸின் உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் ஆயிற்று. புண் ஆறிய பிறகு எங்கள் வீட்டிலிருந்தே போய்வந்து கரண்டு வைத்துக்கொண்டாள். கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தான் சொல்வார்கள். நானே கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கப் பழகிக்கொண்டேன். பாலம் வரும்போதெல்லாம் அவள் தலை தானாகத் திரும்பிவிடும். திரும்பி வரும்போது கடல் எதிர்ப்பக்கம் போய்விடும். அப்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

எல்லாம் முடிந்து ஊருக்குப் புறப்படுகிற அன்று அண்ணன் கேட்டான், "கடக்கரைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமா?"

"அடுத்த தடவ வரும்போது பாத்துக்கிடலாம்" என்றாள். முகத்தில் தெளிவு இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் மழை விட்ட பிறகு மறுபடியும் வந்தார்கள். பக்கவாட்டில் வலி என்று அண்ணன் சொன்னான். மதினி மெலிந்திருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"ஏட்டி, இன்னிக்குக் கடக்கரைக்குப் போவோம். ஆஸ்பத்திரி நாளைக்கு."

அண்ணனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நான் செருப்பை மாட்டினேன்.

தெருமுனையில் பூக்கார அம்மா, "ரெண்டு பேரும் எங்க போய்க்கினு கீறீங்க?" என்றாள்.

"கடல் பாக்க" என்றாள் மதினி.

"அத்த இன்னா பாக்கறது, தண்ணிதான?" என்று சொன்னாலும் ஒரு முழம் கிள்ளி மதினி தலையில் தானே வைத்துவிட்டாள்.

மெதுவாக நடந்து போனோம். மணலில் கால் புதைய, என் தோளைப் பிடித்துக்கொண்டு அலைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மணலை அள்ளி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு அதையும் உதறிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இருட்டிய பிறகும் நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை.