வளராத புல்லுக்கு ஒரு ஆளு

அடுத்தவங்க வூட்டுப் புல்லுல குனிஞ்சி நிக்கிறதுதான் எங்க தொழிலு. இதுல பேரும் கிடையாது, நிமிந்து நிக்க நேரமும் கிடையாது. வூட்டு வேல, தோட்ட வேல செய்யறவங்களே, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? பூஞ்சேரியில எங்க ஆளுங்க தலமுறையா பிறத்தியார் கழனியில களை எடுத்தவங்க. நான்தான் மொத மொதல்ல மாமல்லபுரம் கடலோரத்துல ஒரு பங்களாவுக்கு மாசச் சம்பளத்துக்குப் போனவ. கூலின்னா வேல இருந்தாத்தான் கஞ்சி. சம்பளம்னா அடமழையிலயும் சோறு. அதை வுடுவனா நான்? எழுபத்தாறாம் வருசம் வாக்குல அதுக்கே வேட்டு வெக்கப் பாத்தாங்க, ஒரு பிளாஸ்டிக்கு புல்ல எடுத்தாந்து.

கப்பலேறி வந்த புல்லு

பங்களாக்கார ஐயா மெட்ராசுல கம்பெனி வெச்சிருந்தவரு. சனி, ஞாயிறு ஆனா சம்சாரத்தோட வந்துருவாரு. உப்புக் காத்துல புல்லு கருகினா என்னைத்தான் கத்துவாரு, காத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆவணியில ஒரு நாளு வேன்ல பச்சையா இன்னாத்தையோ சுருட்டி எடுத்தாந்தாரு. வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வந்த புல்லாம்! நான் தண்ணி ஊத்தி வளத்த புல்ல என்னையே கொத்திப் போடச் சொல்லி, அந்த எடத்துல இதை விரிச்சி ஓரமெல்லாம் ஆணி அடிச்சாங்க. தொட்டுப் பாத்தேன், பல்லு வெளக்கற பிரஷ்ஷு மாதிரி இருந்துச்சி.

ஐயாவுக்குக் குஷி தாங்கல. ரெண்டு தடவ சுத்தி நடந்துட்டு என்னாண்ட வந்து சொன்னாரு: "இதுக்குத் தண்ணி வேணாம், வெட்ட வேணாம், களை வராது. பொங்கல் வரிக்கும் இரு, அப்பறம் நீ நின்னுக்கலாம் எல்லம்மா."

புரட்டாசி வெயிலு

நிக்கிறதா, நானா? பாத்துக்கலாம்னு வெளக்கமாத்த எடுத்தேன். கடல் மணலு வந்து புல்லுக்குள்ள பூந்துகினே இருக்கும், எதிர்ப்பக்கமா பெருக்கினாத்தான் வெளிய வரும். களை வராதுன்னாரே, ஓரத்துல கோரை குத்திக்கினு வந்துச்சி. அதையும் நான்தான் புடுங்கினேன்.

புரட்டாசியில பொன்னுருகக் காயும்னு சும்மாவா சொன்னாங்க? அம்மா, அதான் ஐயாவோட சம்சாரம், சிநேகிதிங்களுக்குப் புல்லக் காட்டறேன்னு நட்ட நடு மத்தியானம் வெறுங்காலோட எறங்கிட்டாங்க. நடுவுல போனவங்க முன்னாலயும் வர முடியாம பின்னாலயும் போவ முடியாம குதிக்கறாங்க. தண்ணி வேணாத புல்லாச்சேன்னு நான் கைய கட்டினு நின்னேன். அம்மா கத்தினாங்க: "புல்லுக்கு இல்லடி, என் காலுக்கு ஊத்து!"

பொங்கப் பானை

தை பொறந்துச்சி. சூரியனப் பாத்து வெட்டவெளியிலதான் பொங்க வெக்கணும்னு அம்மாவுக்கு ஆச. மண்ணுல வெச்சா அழுக்காம், பச்சப் புல்லு மேல வெச்சா லட்சணமாம். "வேணாம்மா, இது உருகும்"னேன். கீழ செங்கல்லு போட்டுட்டா ஆச்சின்னாரு ஐயா. பானை பொங்கறதுக்கு முன்னாடியே அடுப்புக்குக் கீழ புல்லு கொழகொழன்னு பொங்கிடுச்சி. ஒரே நாத்தம். பானை சாஞ்சது, பாலு கொட்டினது, வாசப்படிக்கு நேரா கன்னங்கரேல்னு ஒரு ஓட்டை.

மெட்ராசு கடையில கேட்டதுக்கு, முழுசா புதுசுதான் வாங்கணும்னுட்டானாம். நான் மோட்டாரு ரூமு பின்னாடி மிச்சமா கெடந்ததுல ஒரு துண்டு வெட்டினேன். எங்க பக்கத்துல வலை பின்னற தாசு அண்ணாத்தயாண்ட ஊசியும் நைலான் நரம்பும் வாங்கியாந்தேன். மொத தடவ தெச்சப்ப புல்லு படுக்கற தெசைய மாத்தி வெச்சிட்டேன், மண்டையில சுழி கெணக்கா தெரிஞ்சிச்சி. பிரிச்சிட்டு மறுபடி தெச்சி, அடியில சைக்கிள் டியூப வெட்டி பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். எங்க ஒட்டுன்னு இப்ப நீங்க குனிஞ்சி தேடணும். வேடிக்க பாத்த தாசு அண்ணாத்த கேட்டாரு: "எங்க வலையில மீனு மாட்டும், இதுல இன்னா மாட்டும்னு இப்டி மெனக்கெடற நீ?"

என் தையலு

மறு ஞாயித்துக்கெழம. வெளிநாட்டு விருந்தாளிங்க வராங்கன்னு பங்களா அமக்களப்படுது. ஐயா சம்பளக் கவர நீட்டி, "இன்னியோட சரி. இனிமே டிரைவரே பெருக்கிப்பான்"னாரு. திரும்பவும் கழனி வரப்புல போயி, வேல உண்டா சாமின்னு கெஞ்சிக்கினு நிக்கணுமா? செத்தாலும் மாட்டேன்!

கவர வாங்கி இடுப்புல சொருவினு, நேரா போயி ஒட்டு மேல குந்தி, பிளேடால தையல அறுக்க ஆரம்பிச்சேன். "ஏய், இன்னா பண்ற?"ன்னு ஓடியாந்தாரு. "புல்லு உங்க புல்லு, ஒரு நாரு தொட மாட்டேன். நரம்பு நான் கொண்டாந்தது, தையலு என் கை போட்டது. எனக்கு வேல இல்லன்னா அதுக்கும் இங்க வேல இல்ல"ன்னேன். ஒட்டு ஒரு பக்கம் எழும்பி, கருகின ஓட்டை வாயப் பொளந்துச்சி. கேட்டாண்ட காரு ஹாரன் அடிக்குது. அம்மா முந்தானையால வாயப் பொத்திக்கினு சிரிக்கறாங்க. ஐயா கேட்டைப் பாக்கறாரு, ஓட்டையப் பாக்கறாரு. நான் அடுத்த தையலுக்கு பிளேட வெச்சேன். பல்லக் கடிச்சிக்கினு கேட்டாரு: "தெச்சித் தொலை எல்லம்மா! நாளைக்கிக் காலையில எத்தினி மணிக்கு வருவ?"

அந்தப் புல்லு கடைசி வரிக்கும் வளரவே இல்லீங்க, ஆனா அடுத்த பொங்கலுக்கு என் சம்பளம் வளந்துச்சி.