பச்சைக்கண் சுறா

தலவாக்கலை மீன்கடையில் பச்சைக் கண்களோடு கிடந்தது அந்தச் சின்னச் சுறா. "ஆழ்கடல் சுறாங்க, இதுக்கு மேல வளராது" என்றார் கடைக்காரர். பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்காக வாங்கினேன்.

என் தங்கை பிறந்தபோது, அம்மாவுக்குப் பால் ஊறட்டும் என்று அப்பாவும் இப்படியொன்றைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுறாவைக் கருவாட்டுத் துண்டாக மட்டுமே கண்டிருந்த அம்மா, "சுறாவுக்கு ஏது பூனைக்கண்ணு? எதையோ குடுத்து ஏமாத்திட்டாங்க" என்றாள். அப்பாவே அவித்து உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டாக்கினார்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்ற அம்மா, அவர் முகத்தையே கவனித்தாள். தங்கை பசியில் வீரிட்டாள். "இன்னும் ஒரு வாய்." சந்தேகம் தீர்ந்தபோது சட்டியும் காலியாகியிருந்தது.

இன்று நான் செய்த புட்டுத் தட்டை மகள் தொடவில்லை. "அந்தக் கண்ணே சரியில்லம்மா. மொதல்ல நீங்க சாப்பிடுங்க."

ஒரு வாய் சாப்பிட்டேன். என் முகத்தையே பார்த்தவள், "இன்னும் ஒரு வாய்" என்றாள். தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டேன்.