சாமந்திக்கு நிழல் கட்டிய சுந்தரம்மாள்

சும்மா இரு என்று சொன்னால் சுந்தரம்மாளுக்குக் கோபம் வரும். போடியில் அவளைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புகிறவள். வந்ததும் கால் கழுவினாளோ இல்லையோ, அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுவிடும். களையெடுப்பு, காய் எடுப்பு எல்லாம் செய்வாள் என்றாலும் அவள் பேர் வாங்கியது நடவில்தான். சுந்தரம்மாள் கை வைத்த ஏலச்செடி பட்டுப்போனதாக எந்தத் தோட்டத்திலும் பேச்சில்லை. புதுச்செடி வைக்கிற நாளில் அவள் எங்கே இருந்தாலும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று நான் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

அப்படிப்பட்டவள் ஐப்பசி மழையில் ஜீப்பை விட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். கட்டிலுக்கு நேர் எதிரே, இத்தனை வருசமாக அவள் திட்டித் தீர்த்த அந்தக் கடல் தொட்டி.

தொட்டி அவள் புருஷன் ராக்கையாவுடையது. மனுசன் மலைமேல் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர். உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கடலோரத்து மண்டபம் ஊர்ப்பக்கம் போனவருக்கு எந்த நேரத்தில் கடல் கண்ணில் பட்டதோ, கிறுக்குப் பிடித்துவிட்டது. தேனியில் மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து, உப்புப் பொடி கரைத்து, பாறை அடுக்கி, அலை அடிக்க மோட்டாரும் மேலே நீல விளக்கும் மாட்டினார். காளான்போல விரிகிற பவளம் கொஞ்சம், ஒரு ஜோடி கோமாளி மீன்.

"வீட்டுக்குள்ள உப்புத் தண்ணியக் கட்டி வச்சுக் காவ காக்குற கூத்து இந்த வீட்டுலதேன் நடக்கும்" என்பாள் சுந்தரம்மாள்.

ஆனால் படுத்துக்கிடக்கிறவளுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? மகன் ஜீப்பு ஓட்டப் போய்விடுவான். மருமகள் பவதாரணி சமைத்து வைத்துவிட்டுத் தையல் கடைக்குப் போய்விடுவாள். மிச்சம் அந்த இரண்டு மீன்கள்தான். அவள் கையைத் தூக்கினால் அதுகள் கண்ணாடிக்கு ஓடி வந்தன. விளக்கு அணையும் நேரம் ஆனதும், போக்கிடம் இல்லாமல் ஒரு மூலையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, இதுகளுக்கு ஒரு வீடு வாசல் வேணாமா?" என்றாள் ஒருநாள்.

ராக்கையா போனை எடுத்து ஒரு படம் காட்டினார். கடலுக்கடியில் கைகளை விரித்துக்கொண்டு ஒரு கடல் சாமந்தி. அதற்குள் இதே மீன்கள் புரண்டு விளையாடின. பூ மாதிரி இருந்தாலும் அது செடியில்லை, உயிருள்ள பிராணி என்றார். சுந்தரம்மாள் போனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அது வேண்டும் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காதவள், "இதக் கொண்டாங்க" என்றாள். அடுத்த வாரமே மதுரைக்குப் பஸ்சு ஏறிவிட்டார் ராக்கையா.

பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு வந்து சேர்ந்தது சாமந்தி. உடனே தொட்டியில் விடாமல் ஒரு வாளியில் வைத்து, மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸ் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறக்கினார். புதுத் தண்ணீர் உடம்புக்குப் பழக வேண்டுமாம். பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஆசுபத்திரியில எனக்கு ஏத்துறப்பக்கூட நீங்க இம்புட்டு நேரம் பக்கத்துல இருக்கல" என்றாள் சுந்தரம்மாள்.

"நீதான சோலியப் பாக்கப் போங்கன்னு வெரட்டுன?"

வாளி நிறைந்ததும் ராக்கையா எழுந்தார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, பாறையில் இருந்த ஒரு குழியில் சாமந்தியை மெல்ல வைத்தார். அதன் அடிப்பாகம் கல்லைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து மோட்டாரைப் போட்டார். மறுநாள் ஸ்டோருக்குக் கிளம்ப வேண்டும். காய் வரத்து நேரம், ஒரு வாரம் மலையில்தான் தங்கல்.

"ஒங்கிட்ட விட்டுட்டுப் போறேன். லைட்டு தானா எரியும், தானா அணையும். நீ ஒண்ணும் செய்ய வேணாம். அது எடம் பாத்து நகந்தாலும் நகரும், விட்டுரு. அது சிக்கிக்காம மோட்டாருக்குப் பஞ்சு சுத்தணும், நா வந்து சுத்துறேன்."

தலையை ஆட்டினாளே தவிர, 'நீ ஒண்ணும் செய்ய வேணாம்' என்ற வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நட்டுப் பிழைக்க வைப்பதைப் பற்றி, காயைச் சூட்டில் காயப்போடுகிற மனுசன் அவளுக்குச் சொல்லித் தருவதா!

மறுநாள் காலையில் விளக்கு எரிந்ததும் சுந்தரம்மாளுக்குத் திக்கென்றது. இப்போதுதான் வந்து இறங்கிய உயிர். தலைக்கு நேர் மேலே இப்படியா பளீரென்று அடிப்பது? ஏலச்செடியை வெயிலில் நட்டுவிட்டு நிழல் கட்டாமல் வருகிறவளை அவள் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். மலையில் அவள் செய்கிற முதல் வேலையே நிழல் பார்ப்பதுதான்.

"பவதாரணி, மொட்ட மாடியில நெழல்வல கெடக்குல்ல, கொண்டா தாயி. மடிச்சு அந்த லைட்டுக்குக் கீழ கட்டு."

"மாமா ஒண்ணும் செய்ய வேணாம்னாங்களே அத்தே?"

"ஒங்க மாமா என்னைக்கு ஒரு செடிய நட்டாரு? புதுசா வச்சது வெயில்ல சுருண்டு போகும். கட்டு நீ."

கட்டினாள். தொட்டி குளுகுளுவென்று இருட்டியது. சாமந்தி கொஞ்சம் சுருங்கி அடங்கியதைப் பார்த்து, அசந்து தூங்குது பிள்ளை என்று சந்தோசப்பட்டாள் சுந்தரம்மாள். அன்று முழுக்க அவள் முகத்தில் பழைய களை இருந்தது. கட்டிலில் கிடந்தாலும் நம் கை சும்மா இல்லை என்கிற களை.

அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் சாமந்தியின் நிறம் வெளுத்தது. கழுத்தை நீட்டுகிற மாதிரி உடம்பை நீட்டி இழுத்தது. ஒரு காலையில் பார்த்தால் குழியை விட்டு வெளியே வந்திருந்தது. சுந்தரம்மாளுக்கு அடுத்த வைத்தியமும் தெரியும். தூர் ஆடுகிற செடிக்கு என்ன செய்வார்கள்? மண் அணைப்பார்கள். பவதாரணியைக் கையைவிட்டு அதைக் குழிக்குத் தள்ளச் சொல்லி, சுற்றிலும் சின்னக் கற்களை அணைத்து வைக்கச் சொன்னாள். கட்டிலில் இருந்தபடியே, "இன்னும் ஒண்ணு வையி... அங்கிட்டு... மதி, மதி, போதும்" என்று மலையாளத்துத் தோட்டத்தில் சொல்கிற மாதிரி ஏவினாள்.

மறுநாள் அது கற்களைத் தாண்டிக் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. வலை மறைக்காத ஒரு ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. அதை நோக்கித்தான் போனது. அந்த ஓரத்தில்தான் மோட்டாரும் சுழன்றுகொண்டிருந்தது. மோட்டாரில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போனைப் போட்டாள்.

"ஏங்க, அது நடக்குது. நெறம் செத்துப்போச்சு."

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

பொய் இல்லை. வலைக்கு மேலே எரியத்தான் செய்தது. ஆனாலும் சொன்ன வாய் கசந்தது அவளுக்கு. "வெரசா வாங்க" என்றாள்.

கால் முறிந்த அன்றுகூட அவள் சொன்னது, இருக்கிற சோலியை முடித்துவிட்டு வாங்க என்பதுதான். ராக்கையா ஸ்டோர் அடுப்பைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பைப் பிடித்து மதியத்துக்கெல்லாம் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் வலையைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா சிரிப்பு? பச்சப் புள்ள மேல அம்புட்டு வெளிச்சத்தப் போட்டுட்டுப் போனா, பெத்தவ பாத்துக்கிட்டு இருப்பாளா?" என்று முந்திக்கொண்டாள் சுந்தரம்மாள்.

சாமந்தியைப் பார்த்தபிறகு அவர் சிரிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினார். வலையை அவிழ்த்தார். மோட்டாரின் வாயில் பஞ்சைச் சுற்றி இறுகக் கட்டினார். அதை அன்றே செய்யாமல் போனது தன் புத்தி என்று தலையில் தட்டிக்கொண்டார். அப்புறம் கட்டிலில் வந்து உட்கார்ந்து, பதமாகத்தான் சொன்னார்.

"அதுக்கு ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு, சுந்தரம். வெளிச்சம் பட்டாத்தேன் பாசி சோறாக்கிப் போடும். அதத் தின்னுதேன் அது உசுரோட இருக்கும்."

"அப்ப நா அதப் பட்டினியா போட்டேன்?"

ஆமாம் என்று தலையாட்டினார் ராக்கையா. கால் எலும்பு முறிந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு வந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த மத்தியானம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். செடியைச் சாகவிடாத இந்தக் கை ஒன்றுதான் தன்னிடம் இருந்த பெருமை. அதுவும் போயிற்று என்று நினைத்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. செத்தால் தண்ணீர் அழுகிவிடும், மீன்களும் போய்விடும். பிழைத்தாலும் அது பாடு, இனி யாரும் கை வைக்கக் கூடாது என்றார். மறுநாள் விடிந்ததும் ஸ்டோருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் சுந்தரம்மாளின் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை. சும்மா இருந்தாள். கை தொட்டிப் பக்கம் போகிறபோதெல்லாம் இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சாமந்தி கண்ணாடியில் இருந்து இறங்கியது. பாறைமேல் ஊர்ந்தது. பிறகு பாறைக்குப் பின்னால் போய் மறைந்தே போனது. இருக்கிறதா செத்ததா என்று கட்டிலில் இருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. அடுப்படிப் பக்கமிருந்து குனிந்து பார்த்த மருமகளுக்கும் இடுக்குக்குள் சுருண்டது கண்ணில் படவில்லை. பவதாரணி காலையும் மாலையும் தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்து, "நாத்தம் இல்ல அத்தே" என்று சொல்லிவிட்டுப் போவாள். மாமியாருக்கு அன்றைய சோறு இறங்குவது அந்த வார்த்தையில்தான். "பாறைய லேசா நகத்திப் பாக்கட்டா?" என்று அவளே மனம் கேளாமல் கேட்டபோதும், "வேணாம் தாயி, விட்டுரு" என்றாள் சுந்தரம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை ராக்கையா வந்ததும் நேரே அடுப்படி வாசலுக்குப் போனார். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி அந்தப் பக்கம்தான் இருந்தது. குனிந்து பார்த்தவர் சத்தம் போட்டார்.

"ஏய் சுந்தரம்! ஒக்காந்துருச்சுடி!"

பாறை இடுக்கில் அடியைப் புதைத்துக்கொண்டு, கைகளையெல்லாம் விரித்திருந்தது சாமந்தி. போன நிறம் பாதிக்குமேல் திரும்பி இருந்தது. விரலை விட்டு லேசாகத் தொட்டார். பசை மாதிரி விரலைப் பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடித்தால் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். மீன்களில் ஒன்று அதற்குள் புரண்டுகொண்டிருந்தது. இன்னொன்று தயங்கித் தயங்கி மூக்கை நுழைத்தது.

"எனக்குத் தெரியலையே! எங்க? எங்க?" கட்டிலில் எம்பி எம்பிப் பார்த்தாள் சுந்தரம்மாள். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தால் பாறையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"இரு, பாறையோட சேத்து இங்கிட்டுத் திருப்பி வைக்கிறேன். ஒனக்காகத்தான இத வாங்குனதே." முழங்கை வரை சட்டையைச் சுருட்டினார் ராக்கையா.

"தொடாதீங்க!"

தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கத்தல். தண்ணீருக்குள் போன கை அப்படியே வெளியே வந்தது.

"அதுக்குப் புடிச்ச எடத்துல அது இருக்கட்டும். கட்டில இழுங்க."

"எங்கிட்டு இழுக்க? அங்கிட்டுப் போட்டா அடுப்படி வாசல் அடைச்சிரும்."

"அடச்சா அடைக்கட்டும். இழுங்கன்னா!"

கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே போய் அடுப்படி வாசலில் குறுக்கே நின்றது. சுந்தரம்மாள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். இரண்டாவது மீனும் உள்ளே போய்விட்டது.

"நா நட்டது இல்லீங்க இது" என்றாள், கண்ணைத் துடைக்காமலே சிரித்துக்கொண்டு. "அதுவா ஒக்காந்தது. பாருங்களேன், எம்புட்டு அழகா ஒக்காந்திருக்கு!"

உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த பவதாரணி கரண்டியோடு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"அத்தே, நா எப்பிடி வெளிய வர்றது?"

"சித்த இரு தாயி, இதப் பாத்துக்கிறேன்."

அன்று தோசைத் தட்டுகள் கட்டிலுக்கு மேலாகத்தான் கைமாறின. மாவுக்கட்டு பிரிக்கிற நாள்வரை அந்த வீட்டில் எல்லாரும் சுந்தரம்மாளின் கட்டிலை ஏறித் தாண்டித்தான் அடுப்படிக்குப் போனார்கள். நகர்த்திப் போடலாமா என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.