நல்ல காரியம் பேசுகிற இடம்

கணவர் பாம்பு கடித்து இறந்த பிறகு முரசுமோட்டை வயல் என் பேருக்கு வந்தது. வயல்தான் வந்தது, பேசுகிற உரிமை வரவில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பள்ளிக்கூடத்தில் கமக்காரர் கூட்டம் நடக்கும். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை அங்கேதான் முடிவு செய்வார்கள். முதல் முறை போனபோது கூட்டத் தலைவர் எழுந்து வந்து என்னை வாசலிலேயே மறித்தார்.

"பிள்ளை, விதைப்புக்கு நாள் பாக்கிற இடம். நல்ல காரியம். நீ இப்பிடி முன்னுக்கு வந்து நிக்கக்கூடாது. உன்ரை கொழுந்தனை அனுப்பு."

கைம்பெண் முகத்தில் விழித்தால் நெல் முளைக்காதாம். நான் குனிந்து களை பிடுங்கும்போது மட்டும் அந்த நெல்லுக்குக் கண் தெரியாது போலும்.

கொழுந்தன் போனான். அவன் வயல் வாய்க்காலின் தலைப்பில், என்னுடையது கடைக்கோடியில். தன் வயலுக்குத் தண்ணீர் கிடைத்த சந்தோஷத்தில் என்னுடையதை மறந்துவிட்டு வந்தான். அந்தச் சிறுபோகம், கோடை வெயிலில் கதிர் வருகிற நேரத்தில் என் பயிர் காய்ந்து வைக்கோலானது. எனக்கும் இரண்டு மகள்களுக்கும் வேறு சோறு கிடையாது.

அந்த நாட்களில்தான் கொழும்பில் ஒரு பெண் பிரதமரானார். உலகத்திலேயே முதல் பெண் பிரதமர் என்றது றேடியோ. அவரும் என்னைப் போலக் கணவரை இழந்தவர். சங்கக்கடை வாசலில் ஆண்களுக்கு அன்று வேறு வேலையே இருக்கவில்லை.

"அழுதே எலெக்சனை வெண்டிட்டா," என்றார் ஒருவர்.

"நாட்டை ஆளுறது குசினியிலை கறி காய்ச்சிற மாதிரியே?" என்றார் இன்னொருவர், வாழ்நாளில் ஒரு கறியும் காய்ச்சாதவர்.

அவர் எங்கள் ஆளுமில்லை, எங்கள் மொழியுமில்லை. அவரால் எங்களுக்கு ஏதும் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனாலும் சீனி வாங்கப் போன எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு நானே போய், பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கில் உட்கார்ந்தேன். தலைவர் பழைய பாட்டைத் தொடங்கினார்.

"அண்ணை, கொழும்பிலை மந்திரிமாரின்ரை கூட்டத்துக்குப் பிரதமர் அம்மா ஆரை அனுப்பிறவா? கொழுந்தனையோ?" என்று கேட்டேன்.

தலைவர் நன்றாக யோசித்தார்.

"அது அரசாங்கம், பிள்ளை," என்றார் கடைசியில். "இது வயல்."

பிறகு எல்லோரும் எழும்பி, நல்ல காரியத்தை வெளியே மாமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். நானும் பின்னாலேயே போனேன். அங்கிருந்து வேப்பமரத்தடிக்குப் போனார்கள். அங்கும் போனேன். வெயில் ஏற, மரம் மாறி மாறி அவர்களுக்கு அலுத்துவிட்டது. கடைக்கோடிக்கு முதல் தண்ணீர் விடவேண்டும் என்று சொன்னேன். கடைக்கோடியில் காணி வைத்திருந்த நாலைந்து பேருக்கு, தங்கள் பயிரும் காய்ந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் பக்கம் பார்க்காமல் கையை உயர்த்தினார்கள்.

அந்தப் போகம் நெல் முளைத்தது. வரம்பு கட்டியதும் நான், தண்ணீர் பாய்ச்சியதும் நான். நெல்லைச் சூடடித்துத் தூற்றி முடிந்த அன்று தலைவர் களத்துக்கு வந்தார். ஒரு கை நெல்லை அள்ளி ஊதிப் பார்த்தார். ஒரு பதர், ஒரு சப்பி பறக்கவில்லை.

"சோக்கான நெல்லு," என்றார். "உன்ரை கொழுந்தன் நல்லாத்தான் செய்திருக்கிறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற கொழுந்தன் தலையைக் குனிந்து, அடக்கமாகச் சிரித்தான்.