புசல்லாவையில் ஒரு கோப்பிச் செடி

புசல்லாவை பஸ் தரிப்பிடத்தை ஒட்டிய தேநீர்க் கடையின் பின்புறம் நிற்கிறோம். என்னுடன் வந்திருக்கும் ரூத், அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாசிரியர். மாணவியாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழ் பழகியவர். இந்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எப்படி அழிந்தன என்பதையே ஓய்வுபெறும்வரை எழுதியவர்.

கடைக்காரர் செல்வம் புதிய சுவர் எழுப்ப முளையடித்துக் கயிறு கட்டியிருக்கிறார். கயிறு போகும் வழியில் ஒரு பழைய கோப்பிச் செடி. நாளை அதை வெட்டப் போகிறார்.

ரூத் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். ஓர் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள். 1869இல் இலங்கையில் பதிவாகி, அந்தத் தோட்டங்களை அழித்த அதே இலைத்துரு நோய்.

"இருக்கு, இருக்கு!" என்று கைதட்டுகிறார்.

"சீக்கப் பாத்து சந்தோஷப்படுற ஆள இப்பதான் பாக்குறேன், மிஸ்."

"இத்தன வருசம் காகிதத்துலதான் பாத்தேன், தம்பி. தொட்டது இன்னைக்குத்தான். வெட்டாதீங்களேன்."

"சீக்குச் செடிய வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்ய?"

ரூத் தூள் ஒட்டிய விரலைத் துடைக்காமலே நிற்கிறார்.

செல்வம் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

"கட சின்னதாயிருச்சுன்னு எம் பொஞ்சாதி கத்துவா. நீங்கதான் பதில் சொல்லணும்" என்றபடி முளையைப் பிடுங்கி, செடிக்குக் கடைப் பக்கமாக ஊன்றுகிறார்.